வெள்ளையாக இருக்க வேண்டிய லேன்

தட்டு ஆடிக்கொண்டிருந்தது. ராக்கர் மெஷின் ஆட்ட ஆட்ட இந்தப் பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் நின்றது, பிறகு மனசில்லாமல் சாய்வது போல அந்தப் பக்கம் சாய்ந்தது. தட்டில் இருந்த நீரும் கூடவே போய்வந்தது. நீருக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத்தாள். பார்க்கத் தாள்தான், கூடத்தில் அதை மெம்ப்ரேன் என்பார்கள். அதன்மேல் நான்கு பேருடைய ரத்தம், ரத்தம் என்று யாரும் சொல்ல முடியாதபடி, பக்கத்தில் பக்கத்தில் நான்கு நேர்வரிசையாக ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் லேன் என்று பேர். இப்போதைக்கு நான்கும் வெறும் வெள்ளை. முன்னால் உயர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஞானதிரவியம், மூன்றாவது லேன் எங்கே இருக்குமோ அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கலர் ஊற்றினால்தான் கோடு தெரியும், அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண் அங்கேயே போயிற்று. பல்லில் ஓட்டை விழுந்தால் நாக்கு போகிற மாதிரி. செண்பகவல்லி இப்போதுதான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். கோவில்பட்டிப் பெண், இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். அவள் போன பிறகும் அவள் பேச்சு அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, சார் கூப்பிட்டு விட்டுட்டாரு. மணியடிச்சதும் மூணு தடவ கழுவிருங்க. கலர் மட்டும் நான் வந்து ஊத்திக்கிடுதேன்."

"சரிம்மா."

"தூங்கிராதீங்க."

"நான் எப்பம்மா தூங்கியிருக்கேன்?"

"போன வாரம் ராக்கர் ஆடுனதுக்குக் கூடச் சேந்து நீங்களும் ஆடுனீங்களே! வீடியோ வச்சிருக்கேன். ஒங்க வீட்டம்மாவுக்கு அனுப்பட்டா?"

அவர் சிரித்தார். கதவைத் திறந்தவள் திரும்பினாள். சிரிப்பு முகத்தில் இல்லை. "இன்னைக்கு மட்டும் நார்மல்ல கோடு விழக் கூடாது அண்ணாச்சி. விழுந்துச்சுன்னா நான் போச்சு."

"விழாதும்மா."

விழாதும்மா. எப்படி வந்தது அந்தச் சொல்? யோசித்துச் சொன்னதில்லை. காலில் எறும்பு ஏறினால் கை தானாகத் தட்டுமே, அப்படி வந்துவிட்டது. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரன் வண்டி எட்டு மணிக்குப் போயிருமா என்று கேட்டால் போயிரும் என்கிறோம். நாமா ஓட்டுகிறோம்? விழாது என்று சொல்ல அவர் யார். ஆனால் இந்த விஷயத்தில் அப்படியும் சொல்ல முடியாது. அவர்தான். விழுந்தாலும் விழாவிட்டாலும் அது அவர்தான். அந்த மூன்றாவது லேனில் அமுங்கிக் கிடப்பது அவருடைய ரத்தம். இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நோயாளியின் ரத்தத்தைச் சோதித்தாலும் பக்கத்தில் நோயில்லாத ஒருவருடைய ரத்தத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நார்மல் என்று பேர். நார்மலுக்கு யாரைத் தேடுவது? வெளியாளைக் கூப்பிட்டால் ஊசி என்றதும் நாளைக்கு வருகிறேன் என்பான். மாணவர்களைக் கேட்டால் ஒருத்தி நோன்பு, ஒருத்தனுக்குக் காய்ச்சல். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதிருந்த பெரிய சார் இவர் கையைப் பிடித்துத் திருப்பி நரம்பைத் தட்டிப் பார்த்து, "குடிப்பீராவே?" என்றார். இல்லை என்றார் இவர். "பீடி, வெத்தலை?" இல்லை. "பிறகு என்னதான்வே செய்வீரு?" என்று சிரித்துவிட்டு ஊசியை ஏற்றினார். அப்போது ஞானதிரவியத்துக்கு நாற்பது ஆகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவர்தான் நார்மல். மாணவர்கள் வந்தார்கள், படித்தார்கள், பட்டம் வாங்கினார்கள், கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவருடைய பேரே தெரியாது. நார்மல் அண்ணாச்சி எங்கே, நார்மல் அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருக்காரு. எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் அவர். ஓட்டப் பந்தயத்தில், கோவில் பாட்டுக்குழுவில், எதிலும் அவரை யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. முன்னால் நிற்கச் சொல்லியிருந்தாலும் கூச்சத்தில் பின்னால்தான் போயிருப்பார். ஆனால் இத்தனை பேருடைய உடம்பும் சரியா தப்பா என்று அவருடைய உடம்பை வைத்தல்லவா பார்த்தார்கள். இதை அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. குளிக்கும்போது கையில் சோப்புப் போடுகையில் முழங்கை மடிப்பில் ஊசி ஏறி ஏறித் தடித்த அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தேய்ப்பார்.

தட்டு சாய்ந்தது. நின்றது. சாய்ந்தது. ஏ.சி. ஏதோ ஒரே எழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பாளையங்கோட்டை வெயில், கண்ணாடிக்கு உள்ளே குளிர். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. காறல். அதுதான் விஷயம். செண்பகவல்லி முதல் நாள் அவருக்கு விளக்கியபோது அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. உடம்பில் இருக்கிற கொழுப்பு ஆக்சிஜன் பட்டு உடைகிறது, உடைந்ததிலிருந்து ஒரு துண்டு கழன்று போய்ப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டினால் அந்தப் புரதம் கெட்டுப்போகிறது, என்று கையைக் கையில் ஒட்டிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "எண்ணெய் காறிப்போற மாதிரியா?" என்றார். "அதேதான் அண்ணாச்சி! அது டின்னுக்குள்ள நடக்கு, இது நமக்குள்ள நடக்கு" என்றாள். டின்னில் என்றால் மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும். உடம்புக்கு மூடி கிடையாது. அதற்காகத்தான் முயல். அந்தத் துண்டு ஒட்டிக் கெட்டுப்போன புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலின் உடம்பு அந்தக் கறையை எதிரியாக மனசில் வைத்துக்கொண்டது. அப்படி உண்டான ஆன்டிபாடியை அதன் ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்தார்கள். இனி அந்த ஆன்டிபாடி எங்கே போனாலும், எத்தனை நல்ல புரதத்துக்கு நடுவில் விட்டாலும், காறிய இடத்தை மட்டும் தேடிப்போய் உட்கார வேண்டும். அதன் முதுகில் இன்னொரு ஆன்டிபாடியை ஏற்றினால் அது கலர் காட்டும். ஈரல் கெட்டவர்களுடைய ரத்தத்தில் பழுப்புக் கோடு விழ வேண்டும். நார்மலில் விழக் கூடாது. விழுந்தது. போன வாரம் அவருடைய லேனில், நோயாளிகளுக்கு விழுந்த மாதிரியே, மேலிருந்து கீழே ஏணிப்படி போல விழுந்தது.

அன்றைக்கு அந்தப் பெண் தட்டையே பார்த்துக்கொண்டு நின்ற நிலை. மூன்று வருஷ வேலை. அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான கைலாசம் சார் வந்து பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "எல்லாரையும் பாத்துக் குலைக்கிற நாயை எவனாவது காவலுக்கு வைப்பானாம்மா?" என்றார். அவ்வளவுதான். பிறகு ஆளாளுக்குக் காரணம் தேடினார்கள். மெம்ப்ரேனை ஊறவைத்த பால்பவுடர் சரியில்லை. பால்பவுடரிலேயே கொழுப்புக் காறியிருக்கும். ஆன்டிபாடியை ரொம்ப ஊற்றிவிட்டோம். தண்ணீர் சரியில்லை. முயல் சரியில்லை. முயலையும் சொன்னார்கள், பாவம். நார்மல் சரியில்லை என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தராசுத் தட்டில் இருக்கிற சாமானைச் சந்தேகப்படுவார்கள், படிக்கல்லைச் சந்தேகப்படுவார்களா. அவருக்கும் தோன்றவில்லை. சாயந்திரம் பேருந்தில் நின்றபடி போகும்போது, முருகன்குறிச்சி நிறுத்தத்தில், ஒரு கல்லூரிப் பையன் எழுந்து "ஐயா, உக்காருங்க" என்றான். வேண்டாம்ப்பா என்று சொல்ல வாயெடுத்தவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த சுகத்தில்தான் அது வந்தது. பெரிய சார் தட்டிப் பார்த்த கை இதுவா? இத்தனை வருஷத்தில் ஆன்டிபாடி மாறியிருக்கிறது, பால்பவுடர் மாறியிருக்கிறது, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின்கூட இரண்டு மாறிவிட்டது. நார்மல் மட்டும் மாறாமல் இருக்குமா? ஜன்னல் கண்ணாடியில் ஒரு முகம் கூடவே வந்தது. வேறு யாரோ இறங்க மறந்துபோன ஆள் மாதிரி இருந்தது.

இப்போது நான்காவது லேன் ஒன்று இருக்கிறது. சார்தான் சொன்னார், இந்தத் தடவை இன்னொரு நார்மலும் சேர்த்துப் போடு என்று. செண்பகவல்லி தன் கையையே நீட்டிவிட்டாள். மருத்துவமனையிலிருந்து வந்த நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு தரம் குத்தினாள். "வலிக்கலியே" என்று கண்ணில் நீரோடு சிரித்தாள் அவள். ஞானதிரவியம்தான் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அன்றைக்கே புதிதாக எடுத்தார்கள். ஆக முதல் இரண்டும் ஈரல் நோயாளிகள், மூன்றாவது அவர், நான்காவது அவள். மூன்றிலும் நான்கிலும் கோடு இல்லாவிட்டால் போன வாரத்துக் கோடு பால்பவுடருடைய கோளாறு, எல்லாருக்கும் சுகம். மூன்றிலும் நான்கிலும் கோடு விழுந்தால் ஆன்டிபாடி உதவாது, அவள் போச்சு, அவர் தப்பித்தார். மூன்றில் மட்டும் விழுந்து நான்கு வெள்ளையாக இருந்தால், ஆன்டிபாடி சரி. அவள் தப்பித்தாள். அவர். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும். மாடு வாய்க்காலைக் கண்டு நிற்கிற மாதிரி நின்று, திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து வரும். மூன்றும் நான்கும் வெள்ளை என்றால். மூன்றும் நான்கும் கோடு என்றால். கர்த்தாவே என்று ஆரம்பித்தார். கண்ணை மூடினார். அடுத்த வார்த்தை வரவில்லை. எதைக் கேட்பது? என் லேனில் கோடு வேண்டாம் என்று கேட்கலாம். விழுந்தாலும் அவளுடையதிலும் விழட்டும் என்று உள்ளே யாரோ சேர்த்துக் கேட்கிறானே. அதைக் கேட்டவன் யார்? அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் குரலில்தான் கேட்டான். பஞ்சை அழுத்திப் பிடித்த அதே ஆள். மூன்று வருஷம் ராப்பகலாக நின்ற பிள்ளை, கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் இது முடியட்டும் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற பிள்ளை, அவள் வேலை குப்பைக்குப் போனாலும் பரவாயில்லை என் ஈரல் நல்ல ஈரலாக இருக்கட்டும் என்கிறான். அவர் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார். தட்டு ஒன்றும் கேட்காதது போல ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் தங்கராஜுக்கும் ஈரல்தான். அவன் குடித்தான். ஊரறியக் குடித்தான், பந்தயம் கட்டிக் குடித்தான், கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, வயிறு மட்டும் பெருத்து, கைகால் குச்சியாகிக் கட்டிலில் கிடந்தான். பார்க்கப் போனவரிடம், "நீ குடிக்கலைல்லா, நீ நல்லா இருப்ப போ" என்றான். அது ஆசீர்வாதமா ஏச்சா என்று இன்றுவரை விளங்கவில்லை. அதை ஒரு ரசீது மாதிரி பத்திரமாக வைத்துக்கொண்டார் அவர். குடிக்கவில்லை, அதனால் வராது. ஆனால் சோதனைக்கு ரத்த ட்யூப்களை வாங்க ஈரல் வார்டுக்குப் போகும்போது, குடிக்காதவர்களும் அங்கே படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆடு மேய்க்கிற ஒரு அம்மாள், ஒரு கணக்கு வாத்தியார். அந்த வாத்தியார், "நான் காப்பிகூடக் குடிக்க மாட்டேன் தெரியுமா" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னால் யாராவது கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது போல. அன்றைக்கு அவரைப் பார்த்து ஞானதிரவியத்துக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் போல இருந்தது. எண்ணெய் என்ன குடித்தா காறுகிறது? ஒரு தப்பும் செய்யாமல் டின்னில் சும்மா நின்றாலே காறும். நின்றதுதான் தப்பு. நாள்பட நின்றது.

சட்டைப்பையில் போன் உறுமியது. எஸ்தர். அவருடைய மனைவி எப்போதும் ஹலோ சொல்ல மாட்டாள், நடுவிலிருந்து ஆரம்பிப்பாள்.

"அந்த டெய்லர் என்ன சொல்லுதான் தெரியுமா?"

"எந்த டெய்லர்?"

"எத்தனை டெய்லர் வச்சிருக்கிய? எங்க அண்ணன் மவன் கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த பேண்ட் சட்டைதான். பழைய அளவையும் புது அளவையும் வச்சிக்கிட்டு முழிக்கான். தோள் எறங்கியிருக்கு, இடுப்பு ஏறியிருக்கு, இது ஒரே ஆள் அளவுதானா அக்கான்னு கேக்கான்."

அவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்.

"லைன்ல இருக்கியளா? நான் சொல்லிட்டேன், மாப்பிள்ளைக்கு மாமா, அதான் தொப்பை போட்டிருக்காருன்னு. சிரிக்கான் களவாணிப் பய."

"சரி."

"என்ன சரி? மத்தியானம் சாப்ட்டியளா இல்லையா? காலையில ரெண்டு இட்லில கைய ஒதறிட்டுப் போனிய."

"சாப்ட்டேன். இங்க கொஞ்சம் வேலை ஓடுது எஸ்தர்."

"ஓடட்டும் ஓடட்டும். நீங்க ஓடாம உக்காந்திருங்க" என்று வைத்துவிட்டாள்.

இது ஒரே ஆள் அளவுதானா அக்கா. டெய்லருக்குத் தெரிந்திருக்கிறது. அங்குலநாடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்குத் தெரிந்தது. தோள் இறங்கி, இடுப்பு ஏறி. தங்கராஜ் கட்டிலில் கிடந்தபோது அவனுக்கு எந்தச் சட்டையும் பொருந்தவில்லை, தோளில் தொங்கும், வயிற்றில் பட்டன் சேராது. வேண்டாம். வேறு ஏதாவது. முயல். முயலை நினைக்கலாம். விலங்குக் கூடத்தில் இருக்கிற அந்தப் பெரிய வெள்ளை முயலுக்குச் செண்பகவல்லி ஜமீன் என்று பேர் வைத்திருந்தாள். கீரைக்கட்டு வரும்வரைக்கும் கண்ணைக்கூட அசைக்காது, வந்ததும் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும். காது நரம்பில் ரத்தம் எடுக்கும்போது இவர்தான் பிடித்துக்கொள்வார். காது வெதுவெதுப்பாக, ஒரு வெற்றிலை உயிரோடு இருந்தால் எப்படியோ அப்படி, வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பாக, உள்ளே கிளைகிளையாக நரம்பு. தட்டு சாய்ந்தது. ஜமீன் காதை விரித்தது. காது பெரிதாகிக்கொண்டே போயிற்று, ஒரு பாய் அளவுக்கு, அதன்மேல் அவர் படுத்திருந்தார், அது தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கணக்கு வாத்தியாரும் படுத்திருந்தார், தங்கராஜும். எல்லாரும் நேராக, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் படாமல். யாரோ வந்து மோப்பம் பிடித்துக்கொண்டு போனார்கள். மூக்கு நடுங்குகிற சத்தம் கேட்டது. வாத்தியாரைத் தாண்டி வந்து, அண்ணனைத் தாண்டி வந்து, இவர் பக்கத்தில் நின்றது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். காய்ந்த மீசை ரோமம் விலாவில் பட்டது, வலதுபக்கம், கடைசி எலும்புக்குக் கீழே. குத்தவில்லை. கடிக்கவில்லை. அங்கே மெல்ல, வெகுநாள் பழகியது போல, உட்கார்ந்துகொண்டது. பயமாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் கனமும் வெதுவெதுப்புமாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் கடைசியில் கண்டுகொண்ட மாதிரி.

மணியடித்தது. அவர் உடம்பு தூக்கிப்போட்டது. தட்டு ஆடிக்கொண்டிருந்தது, அறை குளிர்ந்திருந்தது, கை வலது விலாவில் இருந்தது. கையை எடுத்தார். எழுந்து, கையுறையை மாட்டி, ராக்கரை நிறுத்தி, தட்டிலிருந்த இரண்டாவது ஆன்டிபாடியைச் சாய்த்து ஊற்றிவிட்டு, கழுவும் நீரை ஊற்றினார். மறுபடி ராக்கர். பத்து நிமிஷம், மூன்று தரம். ஒட்டாமல் மிதக்கிற ஆன்டிபாடியெல்லாம் இதில் போய்விட வேண்டும். போகாவிட்டால் கலர் ஊற்றும்போது எங்கே பார்த்தாலும் பழுப்பு ஏறும். முன்பு ஒருவர் நாகர்கோவில் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரே தரம் அலசிவிட்டுக் கலர் ஊற்றினார். டீயைக் கொட்டின மேஜைவிரிப்பு மாதிரி ஆகிவிட்டது தாள். எது கோடு, எது கறை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஞானதிரவியம் தண்ணீரில் எழும்பிய நுரையைப் பார்த்தார். எது கோடு, எது கறை. யாராலும். இந்த ஒரு தரத்தோடு நிறுத்திவிட்டால்? யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்று தரம் கழுவியாச்சா அண்ணாச்சி என்பாள், ஆச்சும்மா என்றால் நம்புவாள். வேறொருவர் சொன்னால் கேட்கலாம், இவர் சொன்னால் கேட்க மாட்டாள். தாள் முழுக்கப் பழுப்பாகும். ஆன்டிபாடி கண்டதிலும் ஒட்டுகிறது, உதவாது என்று சார் முடித்துவிடுவார். கோடு இருந்ததா இல்லையா என்பது அந்தப் பழுப்புக்குள்ளேயே கிடக்கும். டெய்லர் சட்டையைப் பிரித்துத் தைத்துவிடுவான். கல்யாணத்துக்குப் போகலாம். அவர் நார்மலாகவே இருக்கலாம். நுரை ஒவ்வொன்றாக வெடித்தது. இரண்டாவது தண்ணீர்க் குப்பியை எடுக்கப் போன கை, குப்பியின் கழுத்தில் இருந்தது. எடுக்கவுமில்லை, விடவுமில்லை. கையுறைக்குள் வேர்த்தது. மூன்றாவது லேன் இருக்கிற இடம். அதை ஒட்டி, ஒரு நூல் இடைவெளியில், நான்காவது. பழுப்பு ஏறினால் அதன்மேலும்தானே ஏறும். இரண்டு தரம் குத்தி எடுத்த ரத்தம். வலிக்கலியே என்றாளே. காறல் படாத இளரத்தம், வெள்ளையாக இருக்க வேண்டிய இடம், அதன்மேல் தன் கையால் அழுக்கை ஏற்றிவிட்டு, இது உன்னுடையதுதான் என்று அவளிடமே காட்டுவது. அவர் அதை மனசுக்குள் காட்டிப் பார்த்தார். அவள் முகம் வந்தது. ஐயோ என்றார், வாய்விட்டே. குப்பியைத் தூக்கிவிட்டார். முதல் தண்ணீரைக் கொட்டி இரண்டாவதை ஊற்றினார். ராக்கர் ஆடிற்று. மறுபடி கொட்டி மூன்றாவதை ஊற்றினார். அதற்குள் தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கை மட்டும் அதன் வேலையைச் செய்தது.

கதவு திறந்தது. செண்பகவல்லி நேராகத் தட்டுக்கு வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்ததும் தெரிந்தது.

"என்ன சொன்னாரு?"

"அந்த நாய்க் கதையத்தான் திரும்பச் சொன்னாரு. இன்னைக்கும் குலைச்சுதுன்னா வேற தலைப்புப் பாருன்னுட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "கழுவியாச்சா அண்ணாச்சி?"

"மூணு தடவ ஆச்சும்மா."

யாருடைய வேலையோ அவர்கள்தான் கலர் ஊற்ற வேண்டும் என்பது கூடத்துப் பழக்கம். அவள் ஊற்றினாள். இருவரும் தட்டின் இரண்டு பக்கமும் குனிந்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முதல் லேனில் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். பிறகு இரண்டாவதில். மங்கல் கோடாயிற்று, கோடு பழுப்பாயிற்று, ஒன்றன் கீழ் ஒன்றாகப் படி இறங்கிற்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நான்காவது லேனையே பார்த்தாள். அது வெள்ளையாக இருந்தது. இன்னும் வெள்ளையாக இருந்தது.

"அண்ணாச்சி! குலைக்கல! குலைக்கல அண்ணாச்சி, பாருங்க, சுத்தமா..." கையைத் தட்டப் போனவள் அப்படியே நிறுத்தினாள். அவள் கண் ஒரு நூல் இடது பக்கம் நகர்ந்திருந்தது.

மூன்றாவது லேனில் கோடுகள் நின்றன. இரண்டாவதைவிடக் கொஞ்சம் மெலிசு. அதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியாது.

"தண்ணி ஊத்துங்கம்மா," என்றார் ஞானதிரவியம். "விட்டா ஏறிக்கிட்டே போவும். ஒங்க லேனும் கெட்டுரும்."

அவள் அசையவில்லை. அவரே எடுத்து ஊற்றினார். கலர் நின்றது. வெள்ளை வெள்ளையாகவும் கோடு கோடாகவும் நின்றது. பயந்துகொண்டிருந்த இடம் வந்துவிட்டது. வாய்க்காலில் இறங்கியாயிற்று. தண்ணீர் முழங்கால்வரை இருந்தது, குளிர்ந்தது, அவ்வளவுதான் இப்போதைக்கு.

"ஒங்க சாம்பிள்ல ஏதோ ஆயிருக்கும் அண்ணாச்சி," என்றாள். குரல் அடங்கியிருந்தது. "பழைய ட்யூபை எடுத்திருப்பேன்."

"புதுசும்மா. ஒங்களுக்கு எடுத்த அன்னைக்கு எடுத்ததுதான்."

"சார்ட்ட இதைக் காட்ட வேண்டாம். ஒங்க லேன வெட்டி எடுத்திருதேன். என்னோடது ஒண்ணு போதும் நார்மலுக்கு." கத்தரியைத் தேடி மேஜையைத் தடவினாள். எதிரிலேயே இருந்தது, கண்ணில் படவில்லை. "வெட்டிட்டா யாருக்கும் தெரியாது."

"வெட்டாதீங்க." சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார். "முழுசாக் கொண்டு போங்கம்மா. நல்ல ஆன்டிபாடி. அது மொத மொதலாக் கண்டுபிடிச்சதே என்னையத்தான்."

அவள் கையுறையோடேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தட்டு ஆடாமல் இருந்தது, ஆனால் கண்ணுக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வார்டுக்கு ரத்தம் வாங்கப் போவதற்குக் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"வார்டுல ஈரல் டாக்டரு நாளைக்கு எத்தனை மணிக்கும்மா வருவாரு?"